லோ வோல்டேஜ்

2020ஆம் வருடக் குறுவை. பல வருடங்களுக்குப் பிறகு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்க வேண்டிய ஜூன் 12ஆம் தேதியிலேயே திறந்திருந்தார்கள். ஊரடங்கு காரணமாக நான் பெங்களூரிலிருந்து திருப்பனந்தாள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திண்ணையை ஒட்டிய அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். அப்பா இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனில உன்ன இன்னும் வெச்சிருக்காங்களாடா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அணை திறந்த செய்தி அன்றைக்கே வந்துவிடும். தண்ணீர் வந்து வாய்க்காலில் ஏற நாளாகும். அதுவரை நாற்றங்காலுக்குப் போர்த் தண்ணீர்தான். போர் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது முறை வைத்து வரும். சில நாள் பகலில், சில நாள் நடுராத்திரியில். அப்பா இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவதை மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறியியல் படித்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது அவருக்கு அறுபத்தைந்து வயதில் இது தேவையா என்று தோன்றியது.

ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு ஜிஎஸ்எம் மாடூல், இரண்டு ரிலே. ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்தும் வேலையை ஒரு ரிலே செய்யும், சிவப்புப் பட்டன் வேலையை இன்னொன்று செய்யும். அப்பா தன் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிற்கும். நின்றதற்கும் ஓடியதற்கும் அவருக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். இதில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட வசதி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தால் மோட்டார் தானாகவே விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். அதற்காக 'ஓடுகிறதா, நிற்கிறதா' என்ற நிலையை, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் ஒரு பைட்டில் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு மாதம் பிரமாதமாக ஓடியது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அப்பா வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் கடைத்தெருவில் யாருக்காவது மிஸ்டு கால் கொடுத்துக் காட்டுவார் என்று எனக்குத் தெரியும்.

ஆடி பிறந்து சில நாள் இருக்கும். பம்பில் கிளாண்டு வழியாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. புதுக் கயிறு வைக்க வேண்டும். அப்பா போனில் மோட்டாரை நிறுத்தினார். நின்றது. எஸ்எம்எஸ்ஸும் வந்தது. மோட்டார்க் கொட்டகையில் குத்தவைத்து, ஷாஃப்ட்டைச் சுற்றியிருந்த பழைய கயிற்றை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். கொட்டகையில் ஒரு குண்டு பல்பு உண்டு. அது அன்று மத்தியானம் முழுக்கச் சிவப்பாகத்தான் எரிந்தது. த்ரீ பேஸ் வந்தவுடன் அந்த லைனில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும். எங்களுக்குப் பழகிய விஷயம். பல்பு ஒரு தடவை கிட்டத்தட்ட அணைந்து மறுபடி எரிந்தது. டக்கென்று ரிலே சத்தம் கேட்டது. அடுத்து ஸ்டார்ட்டர் விழுந்த சத்தம். மோட்டார் ஓடியது.

அப்பா கையை இழுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டின் முனை ஷாஃப்ட்டில் மாட்டி, முழுத் துண்டும் ஒரு நொடியில் சுருண்டு உள்ளே போனது. அவர் எழுந்து சிவப்புப் பட்டனை அடித்தார். நான் வரப்பிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விரல் நகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. துண்டைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அவர் முதலில் செய்த காரியம் போனை எடுத்துப் பார்த்ததுதான். "ஆஃப் பண்ணேனேடா. பண்ணேன்ல?" என்று என்னிடம் கேட்டார். முப்பது வருடமாக பீஸ் கேரியரைப் பிடுங்காமல் அவர் பம்பில் கை வைத்ததில்லை. அன்றைக்குத்தான் பிடுங்கவில்லை. என் பெட்டி நிறுத்திவிட்டதாகச் சொன்னதால் பிடுங்கவில்லை. அதற்கப்புறமும் அவர் சந்தேகப்பட்டது தன்னுடைய கையை. பெட்டியை அவர் சந்தேகிக்கவேயில்லை.

*

அன்று இரவு பெட்டியைக் கழற்றி எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். நிரலை நாலைந்து தடவை வரி வரியாகப் படித்தேன். தப்பே இல்லை. மிஸ்டு கால் வந்தால் நிலையை மாற்று, ஈப்ராமில் எழுது. போர்டு உயிர் பெறும்போது ஈப்ராமைப் படி, அது பூஜ்யம் இல்லையென்றால் மோட்டாரை ஓட்டு. அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வரியில் என் கண் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. 'பூஜ்யம் இல்லையென்றால்.' ஒரு பைட்டில் 256 மதிப்புகள் இருக்கலாம். நான் எழுதியது ஒன்று அல்லது பூஜ்யம். எனக்கு அந்த இரண்டுதான் உலகம். சிப்புக்கு அப்படியில்லை. பூஜ்யம் என்றால் நிறுத்து. மீதி 255 மதிப்புகளில் எது இருந்தாலும் ஓட்டு. இதில் இன்னொரு வினை உண்டு. இந்த வகை ஈப்ராமில் ஒரு பைட்டை அழித்தால் அது பூஜ்யம் ஆவதில்லை. எல்லாப் பிட்டும் ஒன்றாகி, 255 ஆகும். ஆக, நினைவகம் குழம்பினாலும் அழிந்தாலும் என் நிரல் அதை 'ஓடு' என்றுதான் படிக்கும்.

குழம்புவதற்குக் காரணம் மின்னழுத்தம். மைக்ரோகண்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்ய ஒரு குறைந்தபட்ச வோல்ட் வேண்டும். முழுக்க கரண்ட் போனால் பிரச்சினை இல்லை, அது செத்துப்போகும். பாதி இறங்கினால்தான் ஆபத்து. உயிர் இருக்கும், புத்தி இருக்காது. படிக்க வேண்டிய கட்டளையை விட்டுவிட்டு வேறொன்றைப் படிக்கும், எழுதச் சொல்லாத இடத்தில் எழுதும். இதைத் தடுக்க சிப்பின் உள்ளேயே பிரவுன்-அவுட் டிடெக்டர் என்று ஒரு காவல்காரன் உண்டு. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் சிப்பை அப்படியே பிடித்து நிறுத்திவைக்கும். அதை இயக்க ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். நான் மாற்றவில்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரி நிரலில் அது அணைக்கப்பட்டிருந்தது, நான் அப்படியே விட்டிருந்தேன்.

சொன்ன அளவுக்கு வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பவர் சப்ளை என்னிடம் இருந்தது. போர்டை அதில் மாட்டி, மெல்லக் குறைத்துக் கூட்டிக் குறைத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை, நிறுத்திவைத்திருந்த ரிலே டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எனக்கு வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துத்தான் அப்பாவிடம் சொன்னேன். "தப்பு உங்க மேல இல்லப்பா. நான் எழுதினதுதான் தப்பு. வோல்டேஜ் எறங்கினப்ப பெட்டி கொழம்பிடுச்சு."

அவர் கோபப்படவில்லை. "லோ வோல்டேஜ்ல டியூப்லைட்டே எரிய மாட்டேங்குது. இது மட்டும் ஒழுங்கா வேல செய்யும்னு எப்படிடா நெனச்ச?" என்றார்.

*

நான்கு வருடப் பொறியியல் படிப்பிலும் அதற்குப் பிந்தைய பத்து வருட வேலையிலும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு பெரிய அனுமானத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறோம். நாம் எழுதியதைக் கீழே இருக்கிற சிப்பு அப்படியே செய்யும் என்பதே அது. பிழை என்றால் எங்கள் பிழைதான். கணிதம் பிழைக்காது, சிலிக்கான் பிழைக்காது.

அடுத்த வருடம் பெங்களூர் திரும்பிய பிறகு, அலுவலகத்தில் கடைகளில் வைக்கும் ஒரு கருவிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். கருவியின் பெயரோ கம்பெனியின் பெயரோ இங்கே வேண்டாம். கருவி உயிர் பெறும்போது, அதில் ஓடப்போகிற மென்பொருள் எங்களுடையதுதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி என்னுடையது. யாராவது மென்பொருளை மாற்றியிருந்தால் கருவி அப்படியே நின்றுவிட வேண்டும். மூன்று பேர் சோதித்து 'சரி' என்று சொன்ன நிரல்.

எங்கள் சோதனைக்கூடத்தில் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண், என்னைவிட ஆறேழு வயது இளையவர், ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். சிப்புக்கு மின்சாரம் போகும் கம்பியில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அது திறந்தால் கண நேரத்துக்கு மின்சாரம் தரையோடு சேர்ந்து அழுத்தம் சரியும். கண நேரம் என்றால் ஒரு நொடியில் ஒரு கோடியில் சில பங்கு. கருவியில் அவரே மாற்றிய போலி மென்பொருளைப் போட்டிருந்தார். கருவி உயிர் பெற்ற எத்தனை மைக்ரோ நொடி கழித்து இந்தச் சரிவைக் கொடுப்பது என்பதை ஒரு கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கான தடவை ஒன்றும் நடக்கவில்லை. சில தடவை கருவி செத்தது. ராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையில் ஒரு தடவை மட்டும் போலி மென்பொருள் ஜம்மென்று ஓடியிருந்தது.

"உங்க கோடு சரியாத்தான் சார் இருக்கு. சிப்புதான் அந்த ஒரு வரிய படிக்கல" என்றார்.

ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் என்று இதற்குப் பெயர். பிழையைப் புகுத்துதல். நான் அந்த அலைக்காட்டியின் திரையில் மின்னழுத்தக் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதைப் பார்த்தேன். எங்கள் கொட்டகைப் பல்பு அணைந்து எரிந்ததுதான் அது. அங்கே அரை நொடி, இங்கே நானோ நொடிகள். அங்கே யாரும் செய்யவில்லை, இங்கே ஒருவர் திட்டமிட்டுச் செய்கிறார். சிப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

உள்ளே நடப்பதை இப்படிச் சொல்லலாம். சிப்பு கடிகாரத் துடிப்புக்குத் துடிப்பு வேலை செய்கிறது. என் பம்பு போர்டில் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் சமிக்ஞைகள் பல டிரான்சிஸ்டர்களைத் தாண்டி வந்து சேர வேண்டும். டிரான்சிஸ்டரின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் குறைந்தால் மெதுவாகும். ஆனால் துடிப்பு காத்திருக்காது. கும்பகோணம் போகிற காலை பஸ் மாதிரி. டிரைவர் நேரத்துக்கு எடுத்துவிடுவார், ஏறியவர் ஏறினார், ஓடிவந்துகொண்டிருந்தவர் நின்றார். வர வேண்டிய மதிப்பு வருவதற்குள் துடிப்பு அடித்துவிட்டால், அங்கே என்ன பாதி மதிப்பு இருந்ததோ அதுதான் விடை. 'ஒத்துப்போகவில்லை என்றால் நில்' என்ற கட்டளையில் அந்த 'நில்' இப்படித் தொலைந்துபோனது. நிற்கச் சொல்லும் வரி தொலைந்ததும், சிப்பு அடுத்த வரிக்குப் போனது. அடுத்த வரி 'ஓடு'.

என் பம்பு நிரலும் அலுவலக நிரலும் ஒரே ஆள் எழுதியவை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டிலும் 'நில்' என்பதற்கு எல்லாம் ஒழுங்காக நடந்தாக வேண்டும். 'ஓடு' என்பதற்கு எதுவும் தேவையில்லை.

*

இந்தத் துறை தொடங்கியது ஒரு தொழிற்சாலைத் தலைவலியில். 1970களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சிப்புகளில் பிட்டுகள் காரணமில்லாமல் மாறிக்கொண்டிருந்தன. 1978இல் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இரண்டு பேர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையிலேயே துளியூண்டு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்கள் பிட்டைப் புரட்டிப் போட்டன. யாரும் தாக்கவில்லை. உறைதான் தாக்கியது.

அந்தப் பிழையை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன கிடைக்கும் என்பதை 1996இல் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த டான் போனே, ரிச்சர்ட் டிமில்லோ, ரிச்சர்ட் லிப்டன் மூவரும் காட்டினார்கள். அவர்கள் காட்டிய கணக்குக்கு நம் ஆறாம் வகுப்பு மீ.பொ.வ. போதும். ஸ்மார்ட் கார்டுகளில் இருக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையில், ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பெரிய எண் இருக்கும். அது எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்பதுதான் ரகசியம். நம் வசதிக்கு 143 என்று வைத்துக்கொள்வோம். ரகசியம் 11, 13. வேகத்துக்காக கார்டு கணக்கை இரண்டு பாதியாகப் போடும், 11க்கு ஒன்று, 13க்கு ஒன்று. வர வேண்டிய சரியான விடை 42 என்றால், முதல் பாதியில் 11ஆல் வகுத்த மீதி 9 வரும். இரண்டாவதில் 13ஆல் வகுத்த மீதி 3 வரும். இரண்டையும் சேர்த்தால் 42. இப்போது இரண்டாவது பாதி நடக்கும்போது மின்னழுத்தத்தைத் தட்டுகிறோம். 3க்குப் பதில் 7 வந்துவிடுகிறது. 9ஐயும் 7ஐயும் சேர்த்தால் கார்டு 20 என்று விடை தரும். சரியான விடையிலிருந்து தப்பான விடையைக் கழியுங்கள். 22. 22க்கும் 143க்கும் மீ.பொ.வ. 11. ரகசியம் வெளியே வந்துவிட்டது. நிஜ எண்களில் அறுநூறு இலக்கங்களுக்கு மேல் இருக்கும். கணக்கு இதேதான். ஒரே ஒரு தப்பான விடை போதும்.

இதற்குச் சொல்லப்பட்ட மாற்றும் எளிது. விடையை வெளியே கொடுப்பதற்கு முன் கார்டே ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தப்பென்றால் வாயைத் திறக்கக் கூடாது.

அதற்குப் பிறகு விலை இறங்கிக்கொண்டே வந்தது. 2002இல் கேம்பிரிட்ஜில் செர்கே ஸ்கோரோபோகடோவும் ராஸ் ஆண்டர்சனும் பழைய கேமராக் கடையில் 30 டாலருக்கு வாங்கிய ஃபிளாஷை நுண்ணோக்கி வழியாகச் சிப்பின் மேல் அடித்து, வேண்டிய ஒரு பிட்டை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். 2011இல் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியை உடைத்தவர்கள், அதன் ரீசெட் கம்பியில் கண நேரத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒப்பிடும் நிரல் பூஜ்யம் என்று விடை சொன்னது. அங்கே பூஜ்யம் என்றால் 'வித்தியாசம் இல்லை, உள்ளே விடு' என்று அர்த்தம். 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட்டுக்குக் கம்பிகூடத் தேவைப்படவில்லை. இன்டெல் சிப்பின் அழுத்தத்தை மென்பொருளிலிருந்தே குறைக்க முடியும் என்பதைப் பயன்படுத்தி, யாரும் நுழைய முடியாது என்று சொல்லப்பட்ட அறைக்குள்ளிருந்து ரகசியத்தை எடுத்தார்கள். 2022இல் பெல்ஜியத்தின் லெனர்ட் வௌட்டர்ஸ் சுமார் 25 டாலர் செலவில் செய்த ஒரு சின்ன போர்டால் ஸ்டார்லிங்க் ஆண்டெனாவுக்குள் தன் நிரலை ஓட்டினார்.

நம் நாட்டிலும் இதில் முன்னோடியான வேலை நடந்திருக்கிறது. கரக்பூர் ஐஐடியின் தேப்தீப் முகோபாத்யாய், அவரோடு மைக்கேல் டன்ஸ்டால், சுபித் அலி மூவரும் 2011இல் ஏ.இ.எஸ். முறையைப் பற்றி வெளியிட்ட முடிவு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. வங்கி முதல் வாட்ஸப் வரை பூட்டி வைப்பது இந்த ஏ.இ.எஸ். தான். அதன் 128 பிட் சாவியை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதென்றால் 39 இலக்க எண்ணிக்கையில் முயற்சிகள் வேண்டும். கணக்கின் பத்துச் சுற்றுகளில் எட்டாவது சுற்று தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு பைட்டில் பிழையைப் புகுத்தி, சரியான விடையையும் தப்பான விடையையும் ஒப்பிட்டால், மிஞ்சுவது 256 சாவிகள்தான் என்று அவர்கள் காட்டினார்கள். சென்னை ஐஐடியில், 2018இல் சக்தி என்ற இந்திய பிராசஸர் சிப்பாக வெளிவந்த அதே வளாகத்தில், செஸ்டர் ரெபைரோவின் குழு எதிர்ப்பக்கத்திலிருந்து வேலை செய்கிறது. பூட்டும் முறையை விவரித்துக் கொடுத்தால், பிழைத் தாக்குதலைத் தாங்கும் நிரலைத் தானாகவே உருவாக்கித் தரும் சஃபாரி என்ற கருவி அவர்களுடையது.

39 இலக்கம் 256 ஆன கணக்கை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கோயில் நினைவுதான் வந்தது. செஞ்சடையப்பர் கோயில். தாடகை என்ற பெண் நாள்தோறும் மாலை கட்டி வந்து சாத்துவாள். ஒருநாள் மாலையைத் தூக்கும்போது சேலை நழுவுகிறது. முழங்கையால் இடுக்கிக்கொள்கிறாள், மாலையை விடவும் மனமில்லை, கை எட்டவும் இல்லை. சாமி தலையைச் சாய்த்துக் கொடுக்கிறார். சாய்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார். நிமிர்த்த வேண்டும் என்று ராஜா யானைகளைக் கட்டி இழுக்கிறான். அசையவில்லை. கடைசியில் திருக்கடவூரிலிருந்து குங்கிலியக்கலய நாயனார் வருகிறார். மனைவியின் தாலியைக்கூட குங்கிலியத்துக்குக் கொடுத்துவிட்ட மனிதர். கயிற்றைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுக்கிறார், நிமிர்ந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. நாயனார் நிமிர்த்திய பகுதி பெரியபுராணத்தில் இருக்கிறது.

பக்திக் கதையைக் கொண்டுபோய்த் திருட்டு வேலைக்கு உவமையாக்குவது சரியில்லை என்று தெரியும். ஆனாலும் சிறு வயதில் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் யானைகள் தோற்கிற இடம்தான். கணிதத்தால் செய்த பூட்டுகளை நாங்கள் யானைகளை மனதில் வைத்துத்தான் செய்கிறோம். எத்தனை யானை கட்டி இழுத்தாலும் அசையாது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். அதுவும் உண்மை. இரண்டு கையும் வேலையாக இருக்கிற ஒரு கணத்தில் சிப்பு சாயும் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

*

அலுவலகத்தில் பிறகு நடந்தது சாதாரண விஷயம்தான். வெளியீட்டுத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் நல்ல மனிதர், கேட்டதும் நியாயமான கேள்விதான். "ஒருத்தன் கடையில உக்காந்து, கருவியப் பிரிச்சு, கம்பி சால்டர் பண்ணி, ராத்திரி முழுக்க தட்டிக்கிட்டு இருப்பானா? யாருக்குப்பா அவ்வளவு பொறுமை இருக்கு?"

அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. முதல் பதிலை எல்லோரும் சொல்வார்கள். சர்வர் பூட்டிய அறையில் இருக்கும். மின் மீட்டரும் கடைக் கருவியும் ரேஷன் கடை விற்பனைக் கருவியும் அடுத்தவர் கையில் வருடக்கணக்காக இருக்கும். கருவியைக் கையில் வைத்திருப்பவருக்கு அதன் மின்சாரமும் கையில்தான். ஒரு கருவியில் ராத்திரி முழுக்கத் தட்டி ரகசியத்தை எடுத்துவிட்டால், அதே ரகசியம் இருக்கிற மற்றக் கருவிகளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது.

இரண்டாவது பதிலுக்குத் துண்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. "தாக்குறதுக்கு ஆள் வேணும்னு இல்ல சார். எங்க ஊர்ல லைன்ல பத்து மோட்டார் ஒண்ணா இழுத்தா போதும்." மேலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று வாரம் கொடுத்தார்.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்ததையெல்லாம் எங்கள் ஊரில் படிப்பறிவு இல்லாதவர்களும் செய்துகொண்டிருந்தார்கள் என்பது செய்து முடித்த பிறகுதான் புரிந்தது. புரோநோட்டு எழுதும்போது 5,000 என்று எண்ணில் போட்டுவிட்டு ஐயாயிரம் மட்டும் என்று எழுத்திலும் எழுதுவார்கள். எண்ணில் ஒரு பூஜ்யத்தைச் சேர்க்க ஒரு சுழி போதும். எழுத்தில் ஐயாயிரத்தை ஐம்பதாயிரம் ஆக்குவது அவ்வளவு சுலபமில்லை. சிப்பிலும் அதுதான். 'ஆம்' என்பதற்கு ஒன்று, 'இல்லை' என்பதற்குப் பூஜ்யம் என்று வைத்தால் ஒரு பிட் புரண்டால் இல்லை ஆம் ஆகிவிடும். 'ஆம்' 10100101, 'இல்லை' 01011010 என்று வைத்தால் எட்டுப் பிட்டும் ஒன்றாகப் புரள வேண்டும். இரண்டும் இல்லாத எந்த மதிப்பு வந்தாலும் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள், நில்.

களத்தில் நெல் மூட்டை ஏற்றும்போது லாரிக்காரர் ஒரு பக்கம் எண்ணுவார். அப்பா இன்னொரு பக்கம் மூட்டைக்கு ஒரு வைக்கோல் துண்டாக எடுத்துப் போட்டுக்கொண்டே வருவார். கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நான் கையொப்பத்தை இரண்டு தடவை, இரண்டு விதமாகச் சரிபார்த்தேன். நடுவில் எவ்வளவு நேரம் என்று யாரும் கணிக்க முடியாதபடி சும்மா காத்திருக்க வைத்தேன், எந்தக் கணத்தில் தட்டுவது என்று தாக்குகிறவருக்குத் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக வரிசையை மாற்றினேன். எல்லாச் சோதனையும் தேறினால் மட்டுமே ஓடுவதற்கான வழி திறக்கும். ஒரு வரி தொலைந்தால் நிற்கும்.

இதனால் யாராலும் உடைக்க முடியாதது ஒன்றைச் செய்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை சரிபார்த்தால் இரண்டு தடவை தட்டலாம். 2024 ஆகஸ்டில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் இப்படிப்பட்ட தற்காப்புகளோடு செய்த ஆர்பி2350 சிப்பை உடைத்துக் காட்டுகிறவர்களுக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தது. பிறகு அதை 20,000 ஆக்கியது. சில மாதங்களில் உடைத்துவிட்டார்கள். வென்றவர்களில் ஒருவர் பயன்படுத்தியது ஒரு மின்சாரக் காலில் சரியான நேரத்தில் ஏற்படுத்திய சரிவு. அந்த நிறுவனம் பரிசைக் கொடுத்தது, வழியையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. எனக்கு அதில் மரியாதை வந்தது. கோயம்புத்தூர்ப் பெண் என் திருத்திய நிரலை இரண்டு வாரம் தட்டிவிட்டு, "இப்ப கஷ்டமாத்தான் இருக்கு சார்" என்றார். அதற்கு மேல் இந்தத் தொழிலில் யாரும் பாராட்ட மாட்டார்கள்.

பம்பு பெட்டியை அதற்கு முன்னாலேயே சரிசெய்துவிட்டிருந்தேன். காவல்காரனை எழுப்பிவிட்டேன். 165 என்ற ஒரு மதிப்பு மூன்று இடத்தில் ஒரேமாதிரி இருந்தால் மட்டும் மோட்டார் ஓடும், மற்றபடி நிற்கும். நான் பெருமைப்பட்ட வசதியை எடுத்துவிட்டேன். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாது. அப்பா மறுபடி மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். சில ராத்திரி அவர் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. முதலில் எதற்காக அந்தப் பெட்டியைச் செய்தேனோ அதில் பாதி போய்விட்டது.

போன குறுவைக்கு ஊருக்குப் போயிருந்தபோது மறுபடி கிளாண்டு ஒழுகியது. அப்பா போனில் நிறுத்தினார், எஸ்எம்எஸ் வந்தது. பிறகு எழுந்து போய் மூன்று பீஸ் கேரியரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார்.

"அதான் சரி பண்ணிட்டேனேப்பா. இன்னும் நம்பலையா?" என்றேன்.

"நம்புறேன்டா. அது வேற, இது வேற" என்றார். மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார்.